தொட்டிமேல் போட்ட பழி

கையில் தண்ணீரே படக்கூடாது என்று தோல் டாக்டர் சொன்னதை அந்த வீட்டில் எல்லோருமே கேட்டார்கள். காது நன்றாகக் கேட்கும் குடும்பம்தான். கேட்டதோடு சரி.

அந்தக் கைக்குச் சொந்தக்காரியை ஆஸ்பத்திரியில் கத்திரி அக்கா என்பார்கள். ஆபரேஷன் முடிந்து ரத்தமும் சதையுமாக வரும் கத்திரி, கத்தி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, உலர்த்தி, சரிபார்த்து, துணியில் சுற்றி, ஆவி இயந்திரத்தில் வைத்து எடுக்கிற அறையில் அவளுக்கு வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே அறை, அதே மேசை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு கத்திரியை எடுத்தாலும், இது தையல் வெட்டுவது, இது துணி வெட்டுவது, இதற்கு முனை போய்விட்டது, ஓரமாக வை என்று சொல்லிவிடுவாள். அந்த மேசைக்கு இப்போது அவள்தான் பொறுப்பு. வீட்டில் எத்தனையோ விஷயத்தில் அவள் பேச்சு எடுபடாது, ஆனால் அந்த அறையில் அவள் "இது சரியில்ல" என்றால் அந்தக் கருவிப் பெட்டி ஆபரேஷன் தியேட்டருக்குப் போகாது.

வருஷக்கணக்காகச் சோப்புத் தண்ணீரிலும் மருந்துத் தண்ணீரிலும் ஊறிய கை ஒருநாள் முரண்டு பிடித்தது. முதலில் விரலிடுக்கில் அரிப்பு. அப்புறம் சிவந்து, தோல் உரிந்து, வெடித்து, வெடிப்பில் ரத்தம் கசிந்தது. போட்டிருந்த ரப்பர் கையுறையே அவளுக்கு ஆகவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் வேறு வகைக் கையுறை வரவழைத்துத் தருவதாகச் சொன்னார்கள், அதில் குறையில்லை. ஆனால் புண் ஆறினால்தான் எந்தக் கையுறையும். அதுவரை களிம்பு, அதற்குமேல் பருத்திக் கையுறை, தண்ணீரும் சோப்பும் கிட்டவே வரக்கூடாது. ஆறிவிட்டால் பழைய மேசை. ஆறாவிட்டால் டோக்கன் கொடுக்கிற ஜன்னல், அங்கே உட்கார்ந்து ஓய்வு பெறுகிறவரை நம்பர் கூப்பிட வேண்டியதுதான்.

லீவு போட்டு வீட்டில் உட்கார்ந்தாள். வீடு என்றால் மூன்றாவது மாடியில் ஒரு ஹால், இரண்டு சின்ன அறை, ஒருவர் நின்றால் இன்னொருவர் திரும்ப முடியாத சமையலறை. புருஷன் லிஃப்ட் மெக்கானிக். அக்கம்பக்கத்தில் அவரை லிஃப்ட்காரர் என்றால்தான் தெரியும். மகள் கல்லூரியில் படிக்கிறாள். போதாததற்கு லிஃப்ட்காரரின் அக்காவும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினாள். தம்பி பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை, சமைத்துப் போட ஆள் வேண்டாமா என்று.

நாத்தனாருக்கு நல்ல மனசுதான், இல்லை என்று சொன்னால் வாய் அழுகிப்போகும். வாய்க்கு ருசியாகச் சமைப்பாள். ஆனால் ஒருவேளைச் சமையலுக்கு வீட்டிலிருக்கும் அத்தனை பாத்திரத்தையும் இறக்கிவிடுவாள். இறக்கினதை அடிப்பிடிக்க வைப்பாள். எல்லாம் முடிந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஹாலில் வந்து சாய்ந்துவிடுவாள்.

"சிங்க் முன்னாடி நிக்கவே முடியலம்மா, இடுப்பு விட்டுப்போகுது."

காலையெல்லாம் அடுப்புக்கு முன்னால் நிற்கிற இடுப்பு, ஓர் எட்டு தள்ளியிருக்கிற சிங்க்குக்கு முன்னால் மட்டும் எப்படி விட்டுப்போகும் என்று கேட்க அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

தொட்டி வந்த கதையைச் சொல்ல வேண்டும். லிஃப்ட்காரர் போகிற இடத்தில் யாராவது வேண்டாம் என்று போட்டால் போதும், தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். காலி செய்துகொண்டு போன ஏதோ ஆபீஸ் லிஃப்ட் வாசலில் விட்டுப்போன கண்ணாடித் தொட்டி ஒன்று பால்கனியில் கிடந்தது. அதற்குள் பழைய செருப்புகள் குடியிருந்தன. அதை யாரும் மீன்தொட்டியாக நினைத்துப் பார்த்ததே இல்லை.

பருத்திக் கையுறை போட்ட விரலுக்கு ஃபோன் மசியாது. மகள் காலையில் ஒரு வீடியோவைப் போட்டுவிட்டுக் கல்லூரிக்கு ஓடிவிடுவாள். அது முடிந்து தானாக அடுத்தது, அதற்கடுத்தது என்று ஓடும். மாற்றவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. கடனே என்று இவள் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படி ஒருநாள் எதற்குப் பின்னாலோ ஒரு செடித் தொட்டி வந்தது. அடியில் சாதாரண மண், அதன்மேல் மணல், அடர்த்தியாகச் செடி, நடுவில் நாலைந்து குட்டி மீன். மீன் கழிவைச் செடி எடுத்துக்கொள்ளும், செடியிடமிருந்து மீனுக்கு வேண்டியது கிடைக்கும், நீங்கள் கையை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள், கையை விட்டு விட்டுக் கழுவினால்தான் கெடும் என்றான் வீடியோவில் பேசிய ஆள்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கழுவினால் கெடும், கழுவாமல் விட்டால் நன்றாக இருக்கும் என்று ஒரு பொருளை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. அன்றைக்குச் சாயங்காலம் மகள் வந்ததும் முதல் வேலையாக, "அந்தச் செருப்பையெல்லாம் வெளிய எடு" என்றாள்.

வேலையைப் பெண் செய்தாள், இவள் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஏவினாள். ஜன்னல் வெயில் நேரே விழுந்தால் பாசி பிடித்துத் தண்ணீர் பச்சையாகிவிடும் என்பதால் ஹாலின் உள்சுவர் ஓரமாக இரும்பு மேசை போட்டு அதன்மேல் தொட்டி. நாற்றுப் பண்ணையிலிருந்து உரம் கலக்காத மண் வாங்கி, சலித்து, இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பினார்கள். அதன்மேல் மண் எங்கும் தெரியாதபடி பருமணல். மணலைப் பால்கனியில் உட்கார்ந்து தண்ணீர் தெளிகிறவரை அலசி அலசி மகளுக்கு முதுகு ஒடிந்துவிட்டது.

"சும்மா இருக்கற தொட்டின்னு சொன்னீங்க? இது என்னம்மா சும்மா?"

"இன்னிக்கு ஒரு நாள்தான்டி. அப்புறம் இது உன்னக் கூப்பிடாது. நான்தான் கூப்பிடுவேன்."

செடி நடுவதை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. மீன் கடையில் அதற்கென்றே முழங்கை நீளத்தில் ஓர் இடுக்கி விற்கிறது. அதைக் கண்டதும் கடையிலேயே சிரித்துவிட்டாள். ஆயுசு முழுக்க டாக்டர்களுக்கு இடுக்கியைத் துடைத்துக் கொடுத்தவள், ஒருநாளாவது அதைப் பிடித்து ஒரு காரியம் செய்திருப்பாளா? மணல் நனைகிற அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, ஒவ்வொரு செடியாக வேர்ப்பக்கம் பிடித்து, மணலுக்குள் சாய்த்துச் செருகி, இடுக்கியை மெல்லத் தளர்த்தி உருவினாள். பின்பக்கம் ரிப்பன்போல நீளும் வாலிஸ்நேரியா, ஓரங்களில் கொத்துக்கொத்தாக வளரும் வேலம்பாசிச் செடி. அனுபியாஸ் என்று தடித்த இலைச் செடி ஒன்று, அதன் தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். அதை ஒரு மரத்துண்டில் நூலால் கட்டி உட்கார வைத்தாள். கையுறையில் ஒரு சொட்டு ஈரமில்லை. பிறகு ஒரு தட்டை மணல்மேல் வைத்து, மண் கலங்காமல் தட்டின்மேல் விழும்படி மகள் மெதுவாகத் தண்ணீரை ஊற்றினாள். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரினுக்கு மருந்தும் கலந்தாயிற்று. விளக்கு தானாக எரிந்து தானாக அணைய லிஃப்ட்காரர் ஒரு டைமர் மாட்டிக் கொடுத்தார். ஒயர் வேலை என்றால் மனுஷர் முதல் ஆளாக வந்து நிற்பார்.

உடனே மீன் விடக்கூடாது. செடி வேர்பிடித்து, தண்ணீரில் நல்ல கிருமி ஊறுகிறவரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிருமி ஒன்றுகூட உயிரோடு இருக்கக்கூடாது என்று சம்பளம் வாங்குகிறவள், இப்போது கிருமி எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை.

"மீன்தொட்டின்னா மீன் வேணாமா? புல்லுக்கா தொட்டி வெச்சிருக்கே?"

மேல்வீட்டுக்காரர் வந்து மீன் எங்கே என்று கேட்டதற்கு லிஃப்ட்காரர், "என் வீட்டம்மா மாதிரி அதுவும் லீவுல இருக்கு சார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

கடைசியில் கொஞ்சம் கப்பி மீன் வாங்கி விட்டாள். எல்லாம் ஆண், வால் மட்டும் பெரிதாக விசிறிக்கொண்டு திரிகிறவை. பெண் மீன் சேர்த்தால் குட்டி போட்டு நிரப்பிவிடும் என்று கடைக்காரர் எச்சரித்திருந்தார்.

"அத்தனையும் ஆம்பளையா?" என்றாள் நாத்தனார். "அப்ப உள்ள வேலையெல்லாம் யார் பாக்கறது?"

"செடி பாக்கும் அத்தை" என்றாள் மகள்.

உண்மையிலேயே செடி பார்த்துக்கொண்டது. காலையில் ஒரு சிட்டிகை தீனி, ஒருநாள் மறந்தாலும் குற்றமில்லை. ஆவியாகிக் குறைகிற தண்ணீரை மகள் எப்போதாவது ஒரு சொம்பு விட்டு நிரப்புவாள். முன்கண்ணாடியில் பாசி படிந்தால் தேய்க்கக் காந்தம் வைத்த தேய்ப்பான், அதை வெளிப்பக்கமிருந்து நகர்த்தினாலே போதும், உள்ளே இருப்பது கூடவே நகரும். வேலம்பாசி மேலே வந்து படர்ந்தது. செடியோடு ஒட்டிக்கொண்டு வந்த நத்தை ஒன்று யாரையும் கேட்காமல் குடும்பமாகப் பெருகியது. அந்த வீட்டில் "இது எங்க? அத எடு, இத கழுவு" என்று அவளைக் கேட்காத ஒரே இடம் அந்தத் தொட்டிதான். மத்தியானத்தில் அதன் எதிரே அக்கடா என்று உட்கார்ந்தால் அவளுக்கு ஆஸ்பத்திரி ஞாபகம்கூட வராது.

கை ஆறிக்கொண்டு வந்ததா என்றால், இல்லை. ஏன் ஆறவில்லை என்பதுதான் வயிறெரிகிற கதை.

முதலில் இரண்டு டம்ளரில் ஆரம்பித்தது. யாரோ விருந்தாளி வந்தார்கள், நாத்தனார் டீ போட்டாள், கொடுக்க டம்ளர் இல்லை. "ரெண்டு டம்ளர்தானேம்மா, சட்டுனு அலசிக் கொடுத்துடேன்." இரண்டு டம்ளருக்காகக் கையுறையைக் கழற்றினாள். மறுநாள் பால் பாத்திரம். அதற்கடுத்து, ஊறிக்கொண்டே நாறுகிற அடிப்பிடித்த சட்டி. கடைசியில் விடிகாலையில் எல்லோரும் எழுந்திருக்குமுன் சிங்க்கில் இருக்கும் அத்தனையையும் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, எரிகிற கையில் களிம்பைப் பூசிக் கையுறையை மாட்டிக்கொண்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொள்வது வழக்கமாகிவிட்டது. எழுந்து வருகிறவர்களும் பாத்திரம் எப்படி மினுங்குகிறது என்று கேட்டார்களா? மூச்சு விடவில்லையே! ராத்திரி பிசாசு வந்து தேய்த்துவிட்டுப் போனது என்று நினைத்துக்கொண்டார்களோ என்னவோ.

வாயில்லாத பூச்சியாகவும் அவள் இருந்துவிடவில்லை. "கை எரியுதுங்க, பாத்திரத்த யாராவது பாத்துக்கோங்க" என்று புருஷனிடம் தினமும் சொன்னாள்.

"பாத்துக்கலாம், விடு" என்பார், டிவியைப் பார்த்துக்கொண்டு.

மகளிடம் சொன்னால், "பரீட்சை முடியட்டும்மா, ப்ளீஸ்மா." நாத்தனாரிடம் சொன்னபோதுதான் அந்த அம்மாள் தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்து முகத்துக்கு நேரே நீட்டினாள். காய்த்துப்போய், கோடெல்லாம் கறுத்து வெடித்த கை.

"இதப் பாரு. நான் எந்த டாக்டர்கிட்ட போனேன்? எனக்கு யாரு லீவு கொடுத்தா?"

அந்தக் கையைப் பார்த்து அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. உன் கையையும் இப்படிக் கெடுத்தார்களே என்று சேர்ந்து அழுவதை விட்டுவிட்டு, என் கை கெட்டதுபோல உன் கையும் கெட்டால் என்ன என்று கேட்கிறாளே!

விட்டுத்தான் பார்ப்போமே என்று ஒருநாள் கழுவாமல் விட்டாள். சிங்க் நிரம்பி மேடைமேல் ஏறியது. நாத்தனார் பரணிலிருந்து புதுப் பாத்திரத்தை இறக்கச் சொன்னாள். மகள் வெளியே சாப்பிட்டுவிட்டு வந்தாள். லிஃப்ட்காரர் அந்த மலைக்குள் கையை விட்டுத் தனக்கு ஒரே ஒரு டம்ளரை மட்டும் உருவி, அலசி, டீ குடித்துவிட்டு, எச்சில் டம்ளரை அங்கேயே திரும்பச் செருகிவிட்டுப் போனார். சுத்தம் என்றால் உயிரை விடுகிற கத்திரி அக்கா சாயங்காலம்வரை பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். அப்புறம் கையுறையைக் கழற்றிவிட்டாள்.

டாக்டரிடம் காட்ட வேண்டிய நாள் வந்தது. லிஃப்ட்காரர் அரைநாள் லீவு போட்டுக்கொண்டு வந்தார், துணைக்கு நாத்தனாரும் கிளம்பினாள். டாக்டரம்மா கையுறையை உருவிப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"ஆறவே இல்லையே? தண்ணி படுது. நீங்க இல்லன்னாலும் உங்க தோல் சொல்லுது. வீட்ல யாராவது பாத்திரம் கழுவ, துணி துவைக்க உதவிக்கு இருக்காங்கல்ல?"

"நான் இருக்கேனே டாக்டர்" என்றாள் நாத்தனார், மார்பில் கை வைத்து. "ஒரு வேலை செய்ய விடறதில்ல. எல்லாம் அந்தத் தொட்டியாலதான். வீட்ல மீன்தொட்டி வெச்சிருக்கா. செடி, மண்ணு, பாசின்னு ஒரே சகதி. எப்பப் பாத்தாலும் அது முன்னாடிதான் உக்காந்திருக்கா."

டாக்டரம்மாவுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. "மீன்தொட்டியா? புண்ணு கையோட தொட்டித் தண்ணியா? என்னம்மா இது, நீங்களே ஆஸ்பத்திரில வேலை செய்யறவங்க. முதல்ல அத எடுங்க. அடுத்த தடவையும் இப்படியே இருந்தா நான் உங்கள வேற வேலைக்கு மாத்தச் சொல்லித்தான் எழுதணும்."

லிஃப்ட்காரர் கூரையில் ஓடிய ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். விடிகாலையில் சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிற மனுஷருக்கு உண்மை தெரியாதா? தெரியும். வாயைத் திறந்தாரா? திறக்கவில்லை.

அவளாவது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் புருஷனும் நாத்தனாரும் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்க, வீட்டில் ஒரு தட்டைக் கழுவக்கூட எனக்கு ஆளில்லை என்று ஓர் அந்நியரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் யாருக்கு அவமானம்? தனக்குத்தான் என்று நினைத்தாள். எத்தனை பெண்கள் இப்படியே நினைத்து நினைத்து, அடுத்தவன் பண்ணுகிற அநியாயத்துக்குத் தங்கள் முகத்தை மூடிக்கொள்கிறார்கள்! கையே படாத தொட்டி குற்றவாளியாகி, நாள் தவறாமல் கையைத் தின்கிற சிங்க் தப்பித்துக்கொண்டது. "சரி டாக்டர்" என்று தலையாட்டிவிட்டு எழுந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே தொட்டியைக் கலைத்தார்கள். அன்போடுதான் கலைத்தார்கள், அதுதான் கொடுமை. "உன் நல்லதுக்குத்தானேம்மா" என்று பத்துத் தடவை சொல்லிக்கொண்டே நாத்தனார் செடிகளைக் கொத்தாகப் பிடுங்கி எடுத்தாள். நாள்பட ஊன்றிய வேர் மண்ணோடு பெயர்ந்து வந்து, கண்ணாடிபோல இருந்த தண்ணீர் ஒரு நொடியில் கறுப்பாகிவிட்டது. கப்பிகள் எது எங்கே என்று தெரியாமல் மூலையில் முட்டின. அவற்றை லிஃப்ட்காரர் வலையால் பிடித்துப் பாலிதீன் பையில் போட்டுக் கடைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். மகள் மட்டும், "அம்மா அதுல கையே வைக்கலையே அத்தை" என்று ஒரு தடவை சொன்னாள். "நீ சும்மா இரு, டாக்டரவிட உனக்குத் தெரியுமா?" என்றதும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

செடிகள் குப்பைப் பைக்குள் போயின. மண்ணும் மணலும் வாளி வாளியாக இறங்கின. எல்லாம் முடிந்தது, மத்தியானச் சாப்பாடும் ஆயிற்று. லிஃப்ட்காரர் தரையில் தலையணையைப் போட்டார். நாத்தனார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். சாய்ந்தபடியே சொன்னாள்:

"அந்தத் தொட்டியையும் வாளியையும் கழுவி வெச்சிடும்மா. சகதி காஞ்சுபோனா அப்புறம் போகாது."

கேட்டீர்களா? கையில் தண்ணீர் படுகிறது என்று பழி போட்டுத் தொட்டியைக் கலைத்தவர்கள், கலைத்த தொட்டியைக் கழுவ அவளைக் கூப்பிடுகிறார்கள்! எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு இதைக் கேட்கிறார்கள்? அவள் சமையலறை வாசலில் நின்றாள். தொட்டி சிங்க்கில் பாதியும் மேடையில் பாதியுமாக நின்றது. அதைச் சுற்றி இரண்டு வாளி, ஒரு வலை, மணல் ஒட்டிய தட்டு. அதற்கடியில் மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரம், அதுவும் அப்படியே.

கழுவினாள். உள்மூலையில் ஒட்டிய மண்ணை விரல் நுனியால் சுரண்டிச் சுரண்டிக் கழுவினாள். அந்தத் தொட்டியில் அவள் வெறும் கை பட்டது அன்றைக்குத்தான், முதல் தடவையாக. சோப்பு வெடிப்புக்குள் இறங்கியபோது கண்ணில் தண்ணீர் வந்தது. வலியால் மட்டும் வந்த தண்ணீர் இல்லை.

அடுத்து டாக்டரிடம் போன நாளில் நாத்தனாருக்கு உண்மையிலேயே இடுப்பு பிடித்துக்கொண்டது, வரவில்லை. லிஃப்ட்காரர் மட்டும் வந்தார். டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். கட்டைவிரல் அடியிலிருந்து மணிக்கட்டுவரை பச்சைப் புண்.

"தொட்டிய எடுத்தாச்சா?"

"அன்னிக்கே எடுத்தாச்சு டாக்டர்" என்றார் லிஃப்ட்காரர், நல்ல காரியம் ஒன்றைச் செய்து முடித்தவர் குரலில். "சுத்தமா எடுத்தாச்சு."

டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப இது இனிமே ஆறும்னு எனக்கு நம்பிக்கை இல்ல. தொட்டியும் இல்ல, வேலையும் இல்ல, அப்பவும் ஆறலன்னா உங்க தோலே அப்படி. கையுறை மாத்திக் கொடுத்தும் பிரயோஜனம் இருக்காது. அந்த அறைக்குத் திரும்பப் போக வேணாம். எழுதிக் கொடுத்துடறேன்."

பேனாவின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. மேசையும், ஆவி இயந்திரத்தின் சூடும், துணிக்குள் சுற்றிய கத்திரிகளின் கனமும் கையை விட்டுப் போவது அவளுக்குத் தெரிந்தது. யாருக்காக? ரெண்டு டம்ளருக்காக.

"எழுதாதீங்க டாக்டர்" என்றாள். குரல் ஆஸ்பத்திரி அறையில் பேசுகிற குரலாக வந்தது. "அந்தத் தொட்டில நான் கையே வைக்கல. இடுக்கியாலதான் செடி நட்டேன். தண்ணி என் மக ஊத்தினா. அது நான் தொடவே வேணாத தொட்டி. தினமும் காலைல நான் வீட்டுப் பாத்திரம் முழுக்கக் கழுவறேன். சாயங்காலமும் கழுவறேன். அந்தத் தொட்டியக் கலைச்சாங்களே, அதையும் நான்தான் கழுவினேன். ஒரு நாள் என் கைக்கு லீவு கெடைக்கல. கெடைச்சும் ஆறலன்னா அப்ப எழுதுங்க."

டாக்டரம்மா பேனாவை வைத்தார். அவளைப் பார்க்கவில்லை, லிஃப்ட்காரரைப் பார்த்தார். பார்க்கக் கூரையில் ஃபேன் இருந்தும் இந்தத் தடவை அவரால் தலையைத் தூக்க முடியவில்லை.

"இது உண்மையா சார்?"

"அது வந்து... ஏதோ ஒண்ணு ரெண்டு..." என்று இழுத்தார்.

"இன்னொரு மாசம் லீவு நீட்டித் தர்றேன். ஒரு ஸ்பூன்கூட இவங்க கழுவக்கூடாது. அடுத்த தடவை நான் கைய மட்டும் பாக்க மாட்டேன், உங்களையும் கேப்பேன். நீங்களே கூட்டிட்டு வாங்க."

இருவரும் வெளியே வந்து படி இறங்கினார்கள். கீழே தெருவுக்கு வந்ததும் லிஃப்ட்காரர் குரலைத் தாழ்த்தி, "இத வீட்லயே சொல்லியிருக்கலாமே. டாக்டர் முன்னாடிதானா சொல்லணும்? மானத்த வாங்கிட்டியே" என்றார்.

அவள் நின்றுவிட்டாள். நடுத்தெருவில், போகிற வருகிறவர்கள் இடித்துக்கொண்டு போக, நின்றாள்.

"வீட்ல தினமும் சொன்னேங்க. டாக்டர்கிட்ட இன்னிக்கு ஒரு தடவைதான் சொன்னேன்."

சொல்லிவிட்டு விடுவிடென்று நடந்தாள். அவர் கொஞ்ச தூரம் பின்னாலேயே நடந்து வந்தார். அந்தத் தெருமுனையில்தான் மீன் கடை. அவள் அதன் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் தப்பிக்க ஒரு வழி கிடைத்ததுபோல வேகமாக வந்தார்.

"தொட்டிய மறுபடி வெச்சுக்கோ, நான் வேணாங்கல. மண்ணு, செடி எல்லாம் நானே வாங்கித் தர்றேன். அதுக்கு நான் என்ன பண்ணணும், சொல்லு, எல்லாம் பண்றேன்."

"அதுக்கு நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்" என்றாள் அவள். "நீங்க பாத்திரத்த கழுவுங்க."

அன்று சாயங்காலம் அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சமையலறைக்குள் போனார். ஹாலில் நாத்தனார், உலகம் தலைகீழாகப் போவதைப் பார்த்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். உள்ளே குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு பாத்திரம் கீழே விழுந்தது. அப்புறம் அந்த மனுஷர் வாசலுக்கு வந்து, மகள் கல்லூரிக்குப் போகிற அளவு வளர்ந்தபிறகு, இத்தனை வருஷம் தினம் மூன்று வேளை சாப்பிட்ட வீட்டில், ஈரக் கையோடு நின்று கேட்டார்:

"இந்தா, பாத்திரம் கழுவற சோப்பு எங்க இருக்கு?"